குந்தக் கூடாது

எங்கள் பென்னலூரில் எல்லப்பன் பெண்டாட்டி அம்சவல்லி சாரத்திலிருந்து விழுந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆனி மாதம். ஒரகடம் ரோட்டில் ஏதோ ஒரு ஃபேக்டரிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. அம்சவல்லி அங்கே சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரெண்டாவது அடுக்கு ஏறியவள், கயிறு இற்றுப்போன பலகையில் கால் வைத்துவிட்டாள். கீழே செங்கல் குவியல். முதுகு அதன்மேல் விழுந்தது.

எல்லப்பனுக்குச் செங்கல் சூளையில் கல் அறுக்கிற வேலை. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவன், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அடுத்தடுத்த வீடு. நான் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவதில் இங்கிலீஷ் ஃபெயில். ஆனாலும் தெருவில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அது இந்த நரசிம்மனிடம்தான் வரும், நானும் பெரிய மனுஷன் மாதிரி வாங்கிப் படிப்பேன். அந்தத் திமிருக்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியிருக்கிறது, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து அங்கே வைத்து, மேலும் கீழும் இருக்கிற கணுக்களோடு சேர்த்து ஒட்ட வைக்க வேண்டும் என்றார்கள். கம்பியும் வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் சட்டை போட்ட மாதிரி மாவுக்கட்டு. கால் விரலை ஆட்டச் சொன்னால் ஆட்டினாள். அந்த விரல் ஆடியதைப் பார்த்துவிட்டு எல்லப்பன் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்தியது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் வந்தார். தெக்கத்திக்காரர், சின்ன வயசு, நல்ல மனுஷர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

"எந்த ஊரு நீங்க?" என்றார்.

"ஸ்ரீபெரும்புதூரு பக்கம் சார்" என்றான் எல்லப்பன்.

குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்கு அப்புறம் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் எவனும் சும்மா விட்டதில்லை. டாக்டரும் மனுஷன்தானே. "அன்னைக்கு நீங்க அங்க போயிருந்தீங்களா? எவ்வளவு தூரம் உங்க வீட்டுக்கு? போலீஸ் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். நர்ஸம்மாவும் வந்து நின்றுகொண்டாள். எல்லப்பன் தனக்குத் தெரிந்தது, தெரியாதது எல்லாம் சொன்னான். அதற்குள் அடுத்த வார்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். அம்சவல்லியின் முதுகைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்தான் மிச்சம்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ஆறு வாரம் படுக்கை. திருப்பும்போது மரக்கட்டையைப் புரட்டுற மாதிரி மொத்தமாப் புரட்டணும், முறுக்கக் கூடாது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, குந்தக் கூடாது. முக்கியமா குந்தவே கூடாது. எல்லாம் சீட்டுல எழுதியிருக்கேன்."

"எத்தினி நாளிக்கி சார் குந்தக் கூடாது?"

"எத்தனை நாளா? குறைஞ்சது ஒரு வருஷம். என்னைக் கேட்டா, ஆயுசுக்கும் கூடாதும்பேன். குந்தினா கம்பி கழண்டுக்கிடும், ஒட்டினது விட்டுப்போகும். அப்புறம் கால் விளங்காது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லப்பன் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டான். ஒரு வருஷம்!

எங்கள் பக்கத்தில் குந்து என்றால் உட்கார். வேறு சொல் கிடையாது. நாற்காலியில் குந்துவோம், பந்தியில் குந்துவோம், பஸ்ஸில் ஜன்னலோரம் குந்துவோம். வீட்டுக்கு வந்தவரை "வா, குந்து" என்றுதான் கூப்பிடுவோம். அந்த வார்டில் படுத்திருந்தவர்கள் பாதிப்பேர் எங்கள் ஜில்லாக்காரர்கள். டாக்டர் சொன்னதில் ஒரு சந்தேகம் கேட்கவேண்டும் என்று அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லப்பன் சீட்டை நீட்டினான். "இன்னா போட்டுக்கீது பார்டா நரசிம்மா."

டாக்டர் கையெழுத்து. எனக்குப் புரிந்தது மூன்றே சொல். ஆஃப்டர், சிக்ஸ், வீக்ஸ். அதற்கு முன்னால் நீளமாக ஒரு சொல் இருந்தது. எழுத்துக்கூட்டினேன். மொபிலைஸ். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், வாய் வந்தால்தானே!

"ஆறு வாரத்துக்கு அப்பால மொபிலைஸ் தரணும்னு போட்டுக்கீதுணா. மருந்து பேரு."

"மாத்திரயா, ஊசியா?"

"மாத்திரயாத்தான் இருக்கும்."

அவன் அந்தப் பேரை நாலு தரம் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டான்.

ஒரே அறை, பின்னால் அடுப்படி. சூளையிலிருந்து ஒரு பலகை கொண்டுவந்து கயிற்றுக் கட்டில்மேல் போட்டான். அதன்மேல் ஒரு ஜமுக்காளம். அம்சவல்லி அங்கே மல்லாந்து படுத்தாள். பதிமூன்று வயசுப் பெண் லீலா எட்டாவது படித்துக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள்.

காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் புரட்ட வேண்டும். தோளில் எல்லப்பன், இடுப்பில் லீலா, சில நாள் காலில் நான். "ஒண்ணு, ரெண்டு, தள்ளு" என்று அவன் சொல்வான். சூளையில் சுடாத பச்சைக்கல் வரிசையைத் திருப்பும்போது சொல்கிற அதே தாளம். இரண்டு பக்கமும் வெயில் காணத் திருப்பிப் பழகிய கை, அதனால் அவளுக்கு வலிக்காது. கட்டுக்குள் அரித்தால் லீலா தென்னை ஈர்க்கைத் துணியில் சுற்றி உள்ளே விட்டுச் சொரிந்துவிடுவாள். மற்றதெல்லாம் தட்டில்தான். அதை எடுத்துப்போய்க் கொட்டுகிற வேலையை எல்லப்பன் மகளிடம் விடவில்லை. ஆம்பிளை அதை எடுத்துக்கொண்டு தெருவழியே போகிறான் என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

எலும்பு ஒட்ட என்னென்ன உண்டோ அத்தனையும் வந்தது. எதிர்வீட்டுச் சந்திரம்மாள் ஏரிக்கரை வேலியிலிருந்து பிரண்டை பறித்துவந்து துவையல் அரைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப்பு. படுத்தவாக்கிலேயே, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஊற்றுவார்கள். பாதி கழுத்தில் ஓடும்.

"ஏன்டி சந்திரா, சோறு துன்றவங்க மூஞ்ச பாத்து எத்தினி நாளாவுது தெரியுமா?" என்பாள் அம்சவல்லி. "எல்லாரு மூக்குத் தொளையுந்தான் தெரியுது. உன் மூக்குல இம்மாம் மயிரு கீதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்."

"வாய் மட்டும் ஒடயல பாரு உனக்கு" என்பாள் சந்திரம்மாள். "குந்த வெச்சா எழுந்து ஓடிடுவ நீ."

"அந்தாளக் கேளேன். ஒரு தபா குந்த வெக்கச் சொல்லேன். செவுத்துல சாஞ்சிக்கினாவது குந்தறேன். ஒரே ஒரு வாய் சோறு நானே துன்றேன்."

"தோ பாரு அம்சா" என்று எல்லப்பன் வாசலிலிருந்தே சொல்வான். "டாக்டரு இன்னா சொன்னாரு? குந்துனா ஒட்டுனது வுட்டுப்பூடும். அப்பால ஆயுசுக்கும் பட்த்துக்கினே கெடக்கணும். ஒரு வருசம் பல்ல கட்ச்சிக்கினு இரு. நா கீறேன் இல்ல?"

ஆறு வாரம் ஆயிற்று. அவளைப் பலகையோடு மெட்ராஸ் கொண்டுபோவது நடக்கிற காரியமா? எல்லப்பன் மட்டும் சீட்டோடு போனான். அன்றைக்கு வேறு டாக்டர், வாசல் வரைக்கும் கூட்டம். அங்கே நடந்ததை அவனே எனக்குச் சொன்னான், எவ்வளவு சந்தோஷத்தோடு என்கிறீர்கள்!

"கால்ல ஒணத்தி கீதான்னு கேட்டாரு, கீதுன்னேன். மூத்திரம் போறாங்களான்னாரு, போறா சார்ன்னேன். குந்த வெக்கலியேன்னு கேட்டாருடா. ஒரு நாளு, ஒரு நிமிசம் கூட குந்த வெக்கல சார்ன்னேன். வெரிகுட், இப்டித்தான் பாத்துக்கணும்னு சொல்லிட்டு மாத்திரை எய்திக் குட்த்தாரு. மொபிலைஸ் வாங்கியாந்துட்டேன்."

வெள்ளைவெள்ளையாகப் பெரிய மாத்திரை. சுண்ணாம்புச் சத்து மாத்திரை என்று இப்போது தெரிகிறது. அந்த வீட்டில் அதற்குப் பேர் மொபிலைஸ். "அம்சா, மொபிலைஸ் போட்டுக்கினியா?" என்று அவன் கேட்பான். "போட்டாச்சிப்பா" என்று லீலா பதில் சொல்வாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல்லெல்லாம் சேறாகக் கரைந்து, சூளை நின்றுவிட்டது. எல்லப்பன் நாள் முழுக்க வீட்டில். அவள் பக்கத்திலேயே மோட்டுவளையில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டு இருப்பான். ஏரி ரொம்பிக் கலங்கல் வழியே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நடவுக்குப் போகிற பெண்கள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு தெருவில் போவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அம்சவல்லி பேச்சை நிறுத்திவிடுவாள்.

அந்த மழையில்தான் லீலா பெரிய மனுஷி ஆனாள். சந்திரம்மாள்தான் கண்டுபிடித்தாள். சந்தோஷத்தில் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"எல்லப்பா! உன் பொண்ணு குந்திக்கினாப்பா!"

அப்படித்தான் எங்கள் பக்கம் சொல்வது. அதைக் கேட்டுவிட்டு எல்லப்பன் ஒரு நொடி கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து, வாசல் ஓரம் தனிக் குச்சு கட்டினான். லீலா ஒன்பது நாள் அதற்குள். யாரையும் தொடக் கூடாது. அம்மாவையும்தான். உளுந்துக் களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிச் சந்திரம்மாள் ரெண்டு கிண்ணத்தில் கொண்டுவருவாள். ஒன்று மகளுக்கு, இன்னொன்று அம்மாவுக்கு. ரெண்டு பேர் இடுப்புக்கும் பலம் வேண்டுமாம்.

முதல் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். வாசலில் மாமன் பெண்டாட்டியும் நாலு பெண்களும் மஞ்சள் தண்ணீர் கலக்குகிற சத்தம். உள்ளே அம்சவல்லி எல்லப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், உன் கால்ல வுய்றேன். ஒரே ஒரு தபா என்ன குந்த வெய்யா."

"ஆரம்பிச்சிட்டியா?"

"எம் பொண்ணுய்யா. ஒரே பொண்ணு. பொடவ கட்டிக்கினு எப்டி கீறான்னு இங்கேந்து எனக்குத் தெர்லய்யா. கதவு பக்கம் மூஞ்ச திருப்பி ரெண்டு நிமிசம் குந்திக்கினேன்னா பாத்துட்டுப் பட்த்துக்கறேன். ரெண்டே நிமிசம்."

"நா வேண்ணா போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நீ சொல்லி நா கேக்கணுமாய்யா?"

"அம்சா, நா இன்னா வேணும்னா செய்றேன்? உன் நல்லதுக்குத்தானம்மே சொல்றேன். உனக்கு இன்னானா ஆச்சின்னா அந்தப் பொண்ணுக்கு யாரு கீறா?"

"கட்டிலோட தூக்கினு போய் வாசல்ல போடுங்களேன்" என்றாள் அவள். ஆனால் மழை வலுத்துவிட்டது. கட்டு நனைந்தால் கரைந்துவிடும் என்று அதையும் விட்டோம்.

அவன் வாசலுக்கு வந்து நின்றான். பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே ஏதோ கிறீச்சென்றது. திரும்பினால், அம்சவல்லி கட்டில் சட்டத்தைப் பிடித்து ஒரு முழங்கையை ஊன்றிப் பாதி எழும்பியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கண் கதவுப் பக்கம் இருந்தது.

"அய்யோ!" என்று ஓடினான் எல்லப்பன். தோளைப் பிடித்துப் படுக்க வைத்தான். பிறகு அவன் செய்ததை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சுவரில் மடேர் மடேரென்று தலையை முட்டிக்கொண்டான். "சாவணும்னு கீறியா? என்ன சாவடிக்கணும்னு கீறியா? குந்துனா செத்துப்பூடுவடி! செத்துப்பூடுவ!" என்று கத்தினான். வாசலில் குலவை போட வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றார்கள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் மார்புக்குக் குறுக்கே போட்டுக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினான். கட்டும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் அழவில்லை. வாசலில் மஞ்சள் தண்ணீர் சொட்ட நின்ற லீலாதான் அழுதாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவன் செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்சவல்லி குந்த வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரத்தில் துண்டை அவிழ்த்துவிட்டான், தேவையே இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. சந்திரம்மாள் மூக்கைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்வதில்லை. திருப்பினால் திரும்புவாள், ஊட்டினால் சாப்பிடுவாள். யாராவது கட்டில்மேல் கை வைத்துச் சாய்ந்தால் மட்டும், "ஆட்டாத, ஆட்டாத, வுட்டுப்பூடும்" என்று பதறுவாள்.

"இப்ப தேவலடா" என்றான் எல்லப்பன் என்னிடம். "நல்லா சொன்ன பேச்ச கேக்கறா."

மார்கழியில் மழை விட்டது. கட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. அதனால் காய்கறி ஏற்றுகிற வேன் ஒன்றைப் பேசி, பலகையோடு அவளை ஏற்றி, எல்லப்பன், லீலா, நான் மூன்று பேருமாக மெட்ராஸ் கொண்டுபோனோம். பூந்தமல்லி தாண்டுகிற வரைக்கும் ஒவ்வொரு குலுக்கலுக்கும், "யோவ் புடி, யோவ் புடி" என்றபடி வந்தாள். அவன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான்.

அன்றைக்கு அதே தெக்கத்தி டாக்டர். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதமா ஒட்டியிருக்கு. இப்படி ஒட்டி நான் பார்த்ததே கம்மி. நல்லாப் பார்த்துக்கிட்டீங்க. எவ்வளவு தூரம் நடக்கிறாங்க?"

எல்லப்பன் சிரித்தான். டாக்டர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"நடக்கறதா? குந்தவே வெக்கல சார் நானு."

"ரொம்ப நல்லது. குந்தக் கூடாதுதான். நான் நடக்கிறதைக் கேக்கிறேன்."

"குந்தாம எப்டி சார் எழுந்து நடக்கறது?"

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "இருங்க. உட்கார்றாங்களா இல்லையா?"

"அதான் சார், குந்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு வருசம்னீங்க. நாலரை மாசந்தான் ஆவுது. ஒரு நாளு கூட வுடல சார். ஒரே ஒரு தபா அவளா எழுந்திரிக்கப் பாத்தா. கட்டிப் போட்டேன் சார்."

அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அந்த அறையின் தரையில் முழங்கால் ரெண்டும் மார்பில் முட்ட, கொல்லைக்குப் போகிறவன் மாதிரி இருந்து காட்டினார். "இதுங்க! இதுதான் குந்துறது! இதைத்தான் கூடாதுன்னேன்." எழுந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "இது உட்கார்றது! இதை எவன் கூடாதுன்னது?"

எல்லப்பன் அவரையும் நாற்காலியையும் தரையையும் பார்த்தான்.

"ரெண்டும் குந்தறதுதான் சார்" என்றான்.

டாக்டர் சீட்டை என் கையிலிருந்து வாங்கினார். "எழுதியிருக்கேனே. மொபிலைஸ் ஆஃப்டர் சிக்ஸ் வீக்ஸ். ஆறு வாரம் கழிச்சு எழுப்பி நடக்க வைங்கன்னு அர்த்தம். ஊர்ல இதைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் கூடவா இல்லை?"

எல்லப்பன் என் பக்கம் திரும்பினான். என்னையே பார்த்தான்.

"எங்க ஊர்ல அம்மாம் படிச்சவங்க யாரும் இல்ல சார்" என்றான்.

எனக்காகச் சொன்னானா, மெய்யாகவே அப்படி நினைத்துச் சொன்னானா, தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். பின்னிடுப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். தொடை ரெண்டும் லீலாவின் கையளவுக்குச் சூம்பிப்போயிருந்தது. ரெண்டு நர்ஸம்மாக்கள் தோளுக்கடியில் கை கொடுத்து அவளைத் தூக்கினார்கள். பாதி எழும்புவதற்குள் அம்சவல்லி போட்ட கூச்சல் இருக்கிறதே! வலியில் போட்டதில்லை, பயத்தில் போட்டது. "வுட்டுப்பூடும், வுட்டுப்பூடும், யோவ் வாணாம்னு சொல்லுய்யா, வந்து புடிய்யா" என்று கத்தினாள். அப்புறம் முகம் வெளுத்து, கண் செருகி, மயங்கிவிட்டாள்.

"ரொம்ப நாள் படுத்துட்டாங்க. ரத்த ஓட்டம் மேல ஏறாது, கால்ல சதை இல்லை. மெதுவாத்தான் வரணும்" என்றார் டாக்டர். "தினமும் கொஞ்சம் கொஞ்சமா. முதல்ல முதுகுக்குத் தலகாணி. அப்புறம் உட்கார வைக்கிறது. அப்புறம் காலைத் தொங்கப்போடுறது."

"எப்ப சார் நடப்பா?"

"அவங்க மனசு வச்சு, பயம் போய், பழகினாத்தான். எலும்பு மேல ஒரு குத்தமும் இல்லை. ஆறு வாரத்துல மட்டும் வந்திருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தவர், எல்லப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெல்ட் எழுதித் தர்றேன்" என்று முடித்தார்.

வேனில் திரும்பும்போது எல்லப்பன் ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் வேனை நிறுத்தி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பாலாடையைத்தான் நீட்டினாள் லீலா.

அதற்கப்புறம் பதினைந்து நாள் நான் அந்தப் பக்கம் சரியாகத் தலைகாட்டவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம், வெயில் நன்றாக ஏறியிருந்த ஒரு காலைநேரம், அவன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். "நரசிம்மா, ஒரு கை புடிக்க வாடா."

போனேன். சூளை திரும்ப ஆரம்பித்திருந்தது, அவன் வேலைக்குப் போகவில்லை. லீலா தலைகாணிகளோடு நின்றாள். அம்சவல்லி மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கையும் பலகையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அம்சா" என்றான் எல்லப்பன். கட்டில் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டு, அவள் காதருகே, குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினான். "சொம்மா ஒரு சாண் தூக்கறோம். ஒரே ஒரு சாண். குந்தும்மே."

"வாணாம்."

"டாக்டரு சொல்லிட்டாரு. ஒட்டிக்கிச்சாம். கல்லு மாரி கீதாம். போட்டோ புட்ச்சிப் பாத்தாங்க இல்ல?"

"டாக்டரு அன்னிக்கி ஒண்ணு சொல்றாரு, இன்னிக்கி ஒண்ணு சொல்றாரு. அவருக்கு இன்னா? வுட்டுப்போனா அவரா வந்து பெரட்டுவாரு?"

"யம்மா, குந்தும்மா" என்றாள் லீலா. "நா பின்னால புட்ச்சிக்கறேன். நீ அன்னிக்கி எவ்ளோ ஆசயா கேட்ட?"

"அது புத்தி கெட்டுக் கேட்டேன். உங்கப்பாதான் காப்பாத்துச்சி."

எல்லப்பன் அவள் கையைப் பலகையிலிருந்து எடுக்கப் பார்த்தான். விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தால், பிரித்த விரல் திரும்ப ஒட்டிக்கொள்கிறது.

"அம்சா, தோ பாரு, நா சொன்னது தப்பு. நீ குந்துனா சாவ மாட்ட. குந்தாததாலதான் இப்டி ஆயிட்ட. தப்பு எம்மேல. அந்த டாக்டரு வேற குந்தறத சொன்னாரு, நா மடயன், எனக்குத் தெர்ல. உன்ன நாந்தான்மே இப்டிப் பண்ணிட்டேன்."

அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். ரெண்டு மாசத்துக்கப்புறம் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"எனக்குத் தெரியும்யா. என்ன குந்த வெக்கறதுக்காகத்தான இப்டிப் பொய் சொல்ற? நீயாவது தப்பு சொல்றதாவது! எம் மூத்திரத்த அள்ளிக் கொட்ன ஆளு நீ. நீ எனக்குக் கெடுதல் சொல்லுவியா? அவங்க இன்னா சொன்னாலும் கேக்காதய்யா. நீ அன்னிக்கி சொன்னதுதான் எனக்கு. இத்தினி நாளு காப்பாத்துன, இன்னும் கொஞ்ச நாளு பாத்துக்கோய்யா."

லீலா தலைகாணியை முகத்தில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எல்லப்பன் எழுந்து வாசலுக்கு வந்தான். நானும் பின்னாலேயே வந்தேன். என் தப்பை அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவன் கேட்கிற நிலைமையில் இல்லை. தெருவில் செங்கல் ஏற்றின டிராக்டர் ஒன்று போயிற்று. அது ஒரகடம் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல எவனைக் கேட்டாலும் பொண்டாட்டி பேச்ச கேக்க மாட்டறாங்கறான்" என்றான். "இவ கேக்கறாடா. நா இன்னாடா பண்ணுவேன்?"

உள்ளேயிருந்து அம்சவல்லி கூப்பிட்டாள். புரட்டுகிற நேரம். உள்ளே போனான். நான் கால் பக்கம் நின்றேன். "ஒண்ணு, ரெண்டு" என்று சொன்னான், "தள்ளு" என்பது அவன் வாயில் வரவில்லை. அம்சவல்லிதான் சொன்னாள்.